பதினெட்டு மணி கோத்தவர்

எமில் பிஷர் என்னும் பெயரை நான் முதலாண்டிலேயே கேட்டிருக்கிறேன். குளுக்கோசின் அமைப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து வரைந்து, அதற்குப் பிஷர் வரைமுறை என்று தலைப்பிட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்தவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பெயருக்குரியவர் நம்மைப் போல் தந்தைக்கு அஞ்சியும், நோயில் படுத்தும், பிள்ளைகளைப் பறிகொடுத்தும் வாழ்ந்த ஒரு மனிதர் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணிப் பார்க்க வைத்தது என் வலது தோள்.

கல்லூரிகளுக்கிடையே நடக்கும் கபடிப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில், பயிற்சி ஆட்டத்தில் என் தோள் பிசகிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க இயலவில்லை. நான் மாலை வேளைகளில் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியளிப்பவர் என் முகவாட்டத்தைக் கண்டு, பெருவிரல் உயரமுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக் காட்டினார். இரண்டின் அடியிலும் சிறிது வெண்பொடி. ஒன்றின் பெயர் பிபிசி-157. மற்றொன்று இபாமோரலின். முதலாவது நைந்த தசைநாரை ஆற்றுமாம். இரண்டாவது தசையை வளர்க்குமாம். தனித்தனியே போடுவதைவிட இரண்டையும் சேர்த்துப் போட்டால் பலன் பன்மடங்காம். இவை ஸ்டீராய்டு அல்ல, வெறும் பெப்டைடுதான், ஆகவே அச்சம் வேண்டா என்றும் சொன்னார். விடுதிக் கட்டணத்திற்காக ஊரிலிருந்து வந்த பணம் பையில் இருந்தது. கொடுத்து வாங்கிவிட்டேன்.

இரவு அறைக்கு வந்து குப்பிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோதுதான் உள்ளம் சற்றுத் தயங்கியது. ஆய்வுக்கூடப் பயனுக்கு மட்டும், மனிதர் உடலில் செலுத்துவதற்கன்று என்று எறும்பளவு எழுத்தில் அச்சிட்டிருந்தது. மறுநாள் அவற்றை எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் கொண்டு சென்றேன். அவர் திட்டவில்லை. குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பெப்டைடு என்றால் என்ன என்று கேட்டார். அமினோ அமிலங்கள் இணைந்த சங்கிலி என்றேன். முதன்முதலில் இணைத்தவர் யார், எப்படி இணைத்தார் என்று கேட்டார். விழித்தேன். நூலகத்திற்குப் போய் அதைத் தெரிந்துகொண்டு வா, அதுவரை குப்பிகள் என் மேசையறையில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். அந்த இரண்டு வாரத்தில் நான் படித்தறிந்த வரலாறே இது.

செருமனியில் கொலோன் நகருக்கு அருகிலுள்ள ஆய்ஸ்கிர்ஷன் என்னும் சிற்றூரில் 1852 அக்டோபர் 9 அன்று எமில் பிஷர் பிறந்தார். தந்தை லாரன்ஸ் பிஷர் கைராசிக்காரரான வணிகர். பெண் மக்களுக்கிடையே தப்பிப் பிழைத்த ஒரே மகன் என்பதால், தொழிலை அவன் தலையில்தான் கட்டவேண்டும் என்பது தந்தையின் எண்ணம். பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்த மகனை உறவினர் ஒருவரின் மரக்கடையில் கணக்கெழுத அனுப்பினார். மகனோ பேரேட்டை மூடி வைத்துவிட்டு, ஓர் அறையில் குடுவைகளையும் அமிலங்களையும் பரப்பிக்கொண்டு சோதனை செய்துகொண்டிருந்தான். ஈராண்டு பார்த்த தந்தை, வணிகம் செய்யும் அளவுக்கு இவனுக்கு மூளை போதாது, படிக்கவாவது போகட்டும் என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். நம் வீடுகளில் இது தலைகீழாக நடப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

1871இல் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பென்சீன் வளையத்தைக் கண்ட கெக்குலேயின் வகுப்புகளைக் கேட்டார். ஆனால் பிஷருக்கு இயற்பியல்மீதே விருப்பம். அவரை வேதியியலிலேயே நிறுத்தியவர் ஒன்றுவிட்ட சகோதரரான ஓட்டோ பிஷர். இருவரும் மறு ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் சென்று ஆடால்ப் வான் பேயரிடம் மாணவராயினர். 1874இல் சாயப்பொருள்களைப் பற்றிய ஆய்வுக்கு எமில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 1875இல், தம் வாழ்வையே மாற்றிய ஒரு பொருளை உருவாக்கினார். அதுதான் பினைல் ஹைட்ரசீன்.

இந்தப் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சர்க்கரைகள் அக்கால வேதியியலாருக்குப் பெரிய தொல்லை. காய்ச்சினால் பாகாகும், படிகமாகப் பிரிந்து வாரா, ஒன்றிலிருந்து ஒன்றை வேறு பிரித்தறிய வழியில்லை. பிஷர் 1884இல் பினைல் ஹைட்ரசீனைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கியபோது மஞ்சள் ஊசிகளாகப் படிகங்கள் இறங்கின. நாம் இரண்டாமாண்டுச் செய்முறையில் உருப்பெருக்கியின்கீழ் பார்த்து, துடைப்பம் போலிருக்கிறது, சூரியகாந்தி போலிருக்கிறது என்று ஏட்டில் எழுதுகிறோமே, அதே ஓசசோன் படிகங்கள். இந்தச் சாவியைக் கொண்டு அவர் 1890இல் குளுக்கோசைச் செயற்கையாகத் தயாரித்தார்; 1891இல் அதன் அணுக்கள் வெளியில் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதையே கணித்துச் சொன்னார். அதில் வலமா இடமா என்ற ஓர் இடத்தில் மட்டும் ஊகமாகவே ஒன்றைத் தேர்ந்துகொண்டார். அந்த ஊகம் சரியே என்று பிவோட் என்ற டச்சு அறிஞர் எக்ஸ் கதிர் கொண்டு 1951இல் நிறுவினார்.

அந்தச் சாவிக்கு வேறொரு முனையும் இருந்தது. பினைல் ஹைட்ரசீன் குருதியின் சிவப்பணுக்களை அழிக்கும் நஞ்சு. பிற்காலத்தில் மருத்துவர்கள், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்க்கு இதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள் என்றால் அதன் கொடுமை விளங்கும். பிஷருக்கு இது தெரியாது. ஆண்டுக்கணக்கில் அதைக் கையால் அளந்தார். அதன் ஆவியை முகர்ந்தார். தோலில் ஆறாத சொறியும் வயிற்றில் தீராத கோளாறும் வந்து தங்கிவிட்டன. அந்தப் பொருளை உருவாக்கியவரும் அவரே, அதன் வேதியியலை உலகில் எல்லாரினும் மிகுதியாக அறிந்தவரும் அவரே. அது உடலுக்குள் என்ன செய்யும் என்பதை மட்டும் உடம்பே அவருக்குக் கற்பித்தது. இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மியூனிக், எர்லாங்கன், வூர்ஸ்பர்க் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல்கலைக்கழகங்கள் அழைத்தன. 1892இல் செருமானிய வேதியியலின் உச்சமான பெர்லின் நாற்காலி கிடைத்தது. காப்பியிலுள்ள காஃபீன், யூரிக் அமிலம் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டி, அக்குடும்பத்திற்குப் பியூரின் என்று பெயரிட்டார். சர்க்கரை, பியூரின் ஆய்வுகளுக்காக 1902ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வேதியியலில் அது இரண்டாவது நோபல் பரிசு. ஆனால் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. 1888இல் மணந்த ஆக்னஸ் அம்மையார் ஏழே ஆண்டுகளில், 1895இல், மூன்று ஆண் குழந்தைகளை விட்டுவிட்டு மறைந்தார். பிஷர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பரிசு பெற்றவர் பெரும்பாலும் ஓய்ந்து அமர்வார். பிஷரோ பரிசுக்கு முன்பே, 1899 அளவில், புரதத்தின் பக்கம் திரும்பிவிட்டார். தசை, பட்டு, கொம்பு, முட்டை, பால் ஆகிய யாவும் புரதமே. அவற்றை அமிலத்தில் கொதிக்கவைத்தால் அமினோ அமிலங்களாகச் சிதைகின்றன என்பது ஏற்கெனவே தெரியும். 1820ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பிரகோனோ, எலும்புப் பசையிலிருந்து இனிப்பான கிளைசினையும், இறைச்சித் தசையிலிருந்து வெண்மையான லியூசினையும் பிரித்திருந்தார். எந்தப் புரதத்தில் எது எவ்வளவு என்பதுதான் சிக்கல். அமினோ அமிலங்களைக் காய்ச்சி வடிக்கப் பார்த்தால் கருகும். பிஷர் அவற்றை எஸ்டராக மாற்றி, குறைந்த அழுத்தத்தில் வடித்துப் பிரிக்கும் வழியைக் கண்டார். அந்த வழியில் புதிய அமினோ அமிலங்களும் வெளிவந்தன.

பிரித்தவர் அடுத்துச் சேர்க்கப் புகுந்தார். 1901இல் பூர்னோ என்ற உதவியாளருடன் இரண்டு கிளைசின்களை இணைத்தார். உலகில் தெளிந்த அறிவோடு மனிதக் கையால் செய்யப்பட்ட முதல் இருமணிச் சங்கிலி அது. 1902 செப்டம்பரில் கார்ல்ஸ்பாட் நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில், புரதம் என்பது அமினோ அமிலங்கள் கைகோத்த சங்கிலியே என்ற கருத்தை வெளியிட்டார். வியப்பு என்னவென்றால், ஹாப்மைஸ்டர் என்ற மற்றோர் அறிஞரும் அதே மாநாட்டில், அதே நாளில், வேறு வழியாக வந்து அதே முடிவைச் சொன்னார். அந்தச் சங்கிலித் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர் வைத்தவர் பிஷர். செரிமானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. கட்டப்படும் பொருளுக்குக் கரைக்கப்படும் செயலின் பெயர்! எவ்வளவு பொருத்தம் என்பது பிறகுதான் புரிந்தது. நாம் உண்ணும் புரதத்தை வயிறும் குடலும் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அந்தத் துண்டுகளைக் கொண்டு உடல் தனக்கு வேண்டிய தசையைத் தானே கோத்துக்கொள்கிறது.

கோக்கும் வேலை எளிதன்று. அமினோ அமிலத்திற்கு இரு முனை. எந்த முனை எதனோடு சேரும் என்று சொல்ல முடியாது. கட்டி வைத்துப் பின் அவிழ்த்துவிடக் கூடிய முடிச்சு எதுவும் அக்காலத்தில் இல்லை. பிஷர் ஒரு சுற்றுவழி கண்டார். அமினோ தொகுதி இருக்கவேண்டிய இடத்தில் புரோமின் வைத்த அமிலத்தைச் சங்கிலியின் தலையில் இணைத்து, பிறகு அம்மோனியாவைக் கொண்டு புரோமினை வெளியேற்றினார். ஒரு மணி சேர்ந்தது. ஒவ்வொரு மணிக்கும் பின் தூய்மைப்படுத்தல், பகுத்தாய்தல், நிறுத்துப் பார்த்தல். இவ்வாறு அவரும் அவருடைய மாணவர்களும் ஏறத்தாழ 100 பெப்டைடுகளைச் செய்து பார்த்தனர். 1907இல் 18 மணிச் சங்கிலி முடிந்தது. தலையில் ஒரு லியூசின், மூன்று கிளைசின், மறுபடி லியூசின், மூன்று கிளைசின், மறுபடி லியூசின், ஒன்பது கிளைசின். மூலக்கூறு எடை 1213. இரண்டு மணியிலிருந்து பதினெட்டை எட்ட ஆறாண்டு! பொருளின் விலை அதற்குமேல் போகவிடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைப் புரதம் வந்துவிட்டது, இனிச் சோறு தொழிற்சாலையில் விளையும் என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கின. பிஷர் அந்த ஆரவாரத்தில் கலந்துகொள்ளவில்லை. தாம் செய்தது பெப்டைடு, இயற்கைப் புரதம் அன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தாம் செய்த பெப்டைடுகளைக் கணையநீரில் இட்டும் சோதித்தார். சிலவற்றை நொதி வெட்டியது. அதே மணிகள், அதே எடை, ஆனால் கண்ணாடிப் பிம்பம் போல் இடவலம் மாறியவற்றைத் தொடவே இல்லை. பூட்டுக்கு ஏற்ற திறவுகோல்தான் நுழையும் என்று நொதிகளைப் பற்றி 1894இல் அவர் சொன்ன உவமை அங்கே கண்முன் நின்றது. உடல் என்பது சிறு வேறுபாட்டையும் கண்டுகொள்ளும் பரீட்சகர்.

அவருக்கும் அறியாமை இருந்தது. இயற்கைப் புரதத்தின் மூலக்கூறு எடை 5000க்கு மேல் இராது என்று கருதினார். நம் தசையில் நீட்சிக்குத் துணைநிற்கும் டைட்டின் என்ற ஒரே புரதத்தில் கோத்திருக்கும் அமினோ அமிலங்கள் 30,000ஐத் தாண்டுகின்றன என்பது அவர் காலத்திற்கு நெடுநாள் பின்பு தெரிந்தது. மற்றொரு குறையையும் மறைக்கக் கூடாது. 1907இல் பெர்லினுக்கு வந்த லீசே மைட்னர் அம்மையாரை, பெண்களின் கூந்தலில் தீப்பற்றிவிடும் என்று காரணம் சொல்லி ஆய்வுக்கூடத்திற்குள் விடாமல், அடித்தளத்திலிருந்த தச்சுப்பட்டறையில் வேலை செய்ய வைத்தார். பிஷரின் தாடி பெரியது. அது தீப்பற்றுமோ என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டம் மாறியதும் அவரும் மாறினார். பின்னர் அம்மையாருக்கு உதவியாகவே இருந்தார். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்களாதலால் இதைச் சொல்லாமல் போனால் என்னை விடமாட்டார்கள்.

1914இல் போர் மூண்டது. செருமானிய அறிஞர் 93 பேர் தம் நாட்டுப் படையை ஆதரித்து வெளியிட்ட அறிக்கையில் பிஷரும் கையெழுத்திட்டார், பின்னர் வருந்தினார். நாட்டின் உணவும் வெடியுப்பும் தீர்ந்துவரும் வேளையில் மாற்றுப் பொருள் தேடும் குழுக்களில் ஓயாது உழைத்தார். 1916இல் இரண்டாம் மகன் வால்ட்டர் மனம் நொந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மறு ஆண்டு மருத்துவம் பயின்ற கடைசி மகன் ஆல்பிரட் புக்கரெஸ்டில் டைபஸ் காய்ச்சலுக்கு இரையானான். மூத்தவர் ஹெர்மன் ஒருவரே எஞ்சினார். உடலோ முன்பே நைந்திருந்தது. குடலில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னபின், 1919 சூலை 15 அன்று, 66ஆம் வயதில் பிஷர் மறைந்தார். அந்த முடிவை அவரே தேடிக்கொண்டார் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து.

விட்ட இடத்திலிருந்து மாணவர்கள் தொடர்ந்தார்கள். அவரிடம் உதவியாளராயிருந்த மாக்ஸ் பெர்க்மன், செர்வாஸ் என்பவருடன் சேர்ந்து 1932இல், கட்டி அவிழ்க்கும் அந்த முடிச்சைக் கண்டுபிடித்தார். 1953இல் அமெரிக்காவில் டூ விக்னோ ஒன்பது மணி கொண்ட ஆக்சிடோசின் இயக்குநீரைச் செய்து, 1955இல் நோபல் பரிசு பெற்றார். 1963இல் மெரிஃபீல்டு சங்கிலியின் ஒரு முனையைப் பிசின் மணியில் ஒட்டிவைத்துக் கோக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பின்னர் எந்திரமே கோக்கத் தொடங்கியது. பிஷர் ஆறாண்டில் எட்டிய நீளத்தை இன்று சில நாளில் எட்டலாம். என் குப்பிகள் அந்த எந்திரத்தின் வழிவந்தவை.

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியரிடம் சென்றேன். அதற்குள் குப்பிகளின் கதையையும் ஓரளவு படித்திருந்தேன். பிபிசி-157 என்பது 15 மணிச் சங்கிலி. இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தின் துண்டாகக் கருதப்படுவது. எலிகளின் தசைநாரில் நல்ல பலன் காட்டியதாகப் பல ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் செய்தவை மிகச் சில, மிகச் சிறியவை. இபாமோரலின் ஐந்தே மணி. மூளையடிச் சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி இயக்குநீரைச் சுரக்கவைக்கும், இது உண்மை. அதனால் நலமுள்ள இளைஞனின் தசை வலுவடையும் என்பதற்குத்தான் தக்க சான்று இல்லை. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் என்பதோ விற்பவர் வாக்கு. விளையாட்டு வீரர்களுக்கான உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் தடைப்பட்டியலில் இரண்டும் உள்ளன. பிபிசி-157 அதில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டது 2022இல். போட்டியில் சோதித்திருந்தால் நானும் என் அணியும் என்ன ஆகியிருப்போம்! பிஷரின் இணைப்பையும் பயிற்சியாளரின் சேர்ப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிஷர் இணைத்தது, மணியோடு மணியை, ஒவ்வொன்றும் எதுவென்று அறிந்து. பயிற்சியாளர் சொன்னது, ஒரே ஊசியில் இரண்டு தெரியாத தூள்களைக் கலப்பது.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். பிறகு, குப்பியில் இருப்பது சீட்டில் உள்ளதுதானா என்று எப்படி அறிவாய் என்றார். பையூரட் சோதனை என்றேன். செய் என்றார். பிபிசி-157 குப்பியின் மூடியை நீக்கி, தூளைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஒரு சோதனைக் குழாயில் ஊற்றினேன். விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கிய முட்டையின் வெள்ளைக்கருவை மற்றொரு குழாயில் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு; மேலே சில துளி மயில்துத்தக் கரைசல். இரண்டும் ஊதா நிறம் காட்டின. எது முட்டை, எது 15 மணிச் சங்கிலி என்று கேட்டார். குழாய்களைத் தாங்கியிலிருந்து எடுத்துக் கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. எந்தச் சங்கிலி, எத்தனை மணி, என்ன அழுக்கு கலந்திருக்கிறது என்பதைச் சொல்லும் கருவி நம் ஆய்வுக்கூடத்தில் இல்லை. பயிற்சியாளரிடமும் இல்லை.

போட்டிக்கு நான் செல்லவில்லை. அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் ஒரு ரப்பர்ப் பட்டையைக் கொடுத்து, காலையும் மாலையும் இழுக்கச் சொன்னார்கள். முட்டையும் கடலையும் தவறாமல் உண்ணச் சொன்னார்கள். எட்டாவது வாரத்தில் கை தலைக்கு மேல் போயிற்று. அணி அரையிறுதியில் தோற்றதற்கு என் நண்பர்கள் இன்றுவரை என்னைத்தான் சொல்கிறார்கள். விடுதிக் கட்டணத்தை இரு தவணையாகக் கட்டினேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அன்று சோதனை முடிந்ததும் இரண்டு குழாய்களையும் நன்றாகக் கழுவித் தாங்கியில் கவிழ்த்து வைத்தேன். இரண்டு மணிக்கு இரண்டாமாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு இருந்தது. அன்று அவர்களுக்கு ஓசசோன்.